கட்டிவைத்த நாற்பத்துமூன்று சொற்கள்

"வருஷம் முடிஞ்சு போச்சு. விருந்தும் முடிஞ்சு போச்சு. நீ ஏன் வாயைத் திறக்கலை?"

பூதலிங்கம் படகுத்துறையில் நின்று கேட்டார்.

ரோசினா நிமிரவில்லை. படகு மோட்டாரின் வயிற்றுக்குள் அவள் கை முழங்கைவரை போயிருந்தது.

"வாயைத் திறந்தேன், ஐயா. பன்றி இறைச்சி மிகவும் சுவையாக இருந்தது."

அவர் கேட்டது தீவுப்பேச்சில். அவள் பதில் சொன்னது இங்கிலீஷில். பள்ளிக்கூட இங்கிலீஷ். எழுவாயும் பயனிலையும் பிசகாத இங்கிலீஷ்.

சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

"நம்ம பேச்சுல சொல்லு, ரோசினா."

"எது நம் பேச்சு, ஐயா?"

அவர் டீசல் பீப்பாய் ஒன்றின்மேல் உட்கார்ந்தார். வயது ஐம்பத்தேழு. முழங்காலில் தண்ணீர் கோத்திருந்தது. தோள்பையில் அவருடைய அகராதி. செங்கல் கனம்.

நாலு மாதமாக இப்படித்தான்.

கொப்பரைக் கிடங்கு ஆட்கள் தங்களுக்குள் கத்திச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவர் தலை தெரிந்ததும் சிரிப்பு நிற்கும். மூட்டையைத் தோளில் வைத்தபடியே ஹோசியா சொல்வான்:

"மாலை வணக்கம், ஐயா. இன்று வானிலை இனிமையாக உள்ளது."

மூன்றாம் வகுப்புப் பாடம். எட்டாம் பக்கம். மழை கொட்டினாலும் அதையேதான் சொன்னான்.

ரொட்டிக்காரியும் அப்படி. போதகரும் அப்படி. தீவில் இங்கிலீஷ் என்பது அந்நியனுக்கு. கப்பலிலிருந்து இறங்குகிறவனுக்கும் ஏறுகிறவனுக்கும்.

பூதலிங்கத்துக்கு ஏறிப்போக இடம் கிடையாது. ஊர் வீட்டை விற்று ஒன்பது வருஷம் ஆயிற்று. அவரோடு பேச இந்தத் தீவை விட்டால் வேறு மனிதர்கள் இல்லை. இந்தப் பேச்சை விட்டால் அவருக்கு வேறு வேலையும் இல்லை.

*

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் பூதப்பாண்டியிலிருந்து மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்த இங்கிலீஷ் வாத்தியார் அவர்.

தீவில் ஒரே பள்ளிக்கூடம். சட்டமும் ஒன்றுதான். வாசலுக்குள் இங்கிலீஷ் மட்டும். தீவுப்பேச்சு பேசினால் கழுத்தில் கயிறு கட்டிய தேங்காய்ச் சிரட்டை. அடுத்த பிள்ளை பேசினால் சிரட்டை அந்தக் கழுத்துக்கு மாறும். கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் தொங்குகிறதோ அந்தப் பிள்ளைக்கு ஆறு அடி.

சட்டம் அவர் போட்டதல்ல. பிரம்பு அவருடையது.

ரோசினாவுக்கு அப்போது பதினாலு. சிரட்டை அவள் கழுத்தைவிட்டு இறங்கியதே அபூர்வம்.

"உடைஞ்ச இங்கிலீஷ்" என்பார் பூதலிங்கம். "ஒட்டவச்சுத் தர்றேன், கையை நீட்டு."

அது உடைந்த இங்கிலீஷ் அல்ல. தென்னந்தோட்டத்துக்கு இருபது தீவுகளிலிருந்து ஆள் பிடித்து வந்திருந்தார்கள். ஒருவன் பேச்சு ஒருவனுக்குப் புரியாது. எல்லாருக்கும் புரிந்தது கங்காணியின் வசவு ஒன்றுதான். அந்த வசவை எடுத்துத் தட்டி, வளைத்து, தாலாட்டுகிற அளவுக்கு ஒரு மொழி செய்துகொண்டார்கள்.

இது அவருக்குத் தெரிய ஐந்து வருஷம் ஆயிற்று.

ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கத் துறைக்கு வந்தார். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் "யுமி" என்றான். மற்றவன் "மிபலா" என்றான்.

யுமி என்றால் நாம். மிபலா என்றால் நாங்கள்.

பூதலிங்கம் மண்ணெண்ணெய்த் தகரத்தோடு நின்றுவிட்டார். துரைமார் இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல். கேட்கிறவனைச் சேர்த்துக்கொள்வதா, வெளியே நிறுத்துவதா என்று அந்த மொழிக்குத் தெரியாது. இவர் அம்மா பேச்சுக்குத் தெரியும். இந்தக் கூலிக்காரப் பேச்சுக்கும் தெரிந்திருக்கிறது.

மறுநாள் பிரம்பை அடுப்பில் வைத்தார். அதற்கடுத்த நாள் ரோசினாவைத் தேடிப் போனார். அவள் பள்ளியை விட்டு, மோட்டார் ரிப்பேர் பழகி, துறையில் தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்தாள்.

"உங்க பேச்சைச் சொல்லிக்கொடு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சிரட்டை இருக்கா?"

"பள்ளிக்கூடத்துல இருக்கு."

"போய் எடுத்துட்டு வா."

ஆறு மாதம் அது அவர் கழுத்தில் தொங்கியது. வாயில் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் வந்தால் போதும், துறையே கைதட்டும்.

"டீச்சா, உனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றான் ஹோசியா. "கல்யாணத்துக்கும் இதையே போட்டுக்க. செலவு மிச்சம்."

அந்தப் பேச்சில் 'நீங்கள்' கிடையாது. முதலாளிக்கும் 'நீ', நாய்க்கும் 'நீ'. வாத்தியாருக்கும் அதேதான்.

அவர் நோட்டுப் புத்தகத்தோடு வருவார். விதி கேட்பார். வாத்தியாருக்கு விதி வேண்டும்.

"இறந்தகாலத்துக்கு என்ன விதி?"

ரோசினா அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக் கடலில் எறிந்தாள்.

"இப்பச் சொல்லு."

அவர் திகைத்து, யோசித்து, சொன்னார். "பேனா பிலோங் மி பின் கோ." என்னுடைய பேனா போயிற்று.

"விதி கெடச்சுதா?"

"கெடச்சுது. வினைக்கு முன்னால 'பின்' போடணும்."

"பேனா கெடச்சுதா?"

"கெடைக்காது."

"அதான் இறந்தகாலம்" என்று அவள் மோட்டாருக்குத் திரும்பினாள்.

இப்படிப் பதினாறு வருஷம். வாத்தியார் வேலை போய் வெகுநாள் ஆகியிருந்தது. ஆறாயிரம் சொல் சேர்ந்தது.

*

அந்த ஆறாயிரத்தில் நாற்பத்துமூன்று யோனாவுடையவை.

யோனா ரோசினாவின் அண்ணன். சரக்குப் படகின் தலைவன். காலையில் அவன் ஒன்றுக்குப் பெயர் வைத்தால் சாயங்காலம் தீவு முழுக்க அதே பெயர்தான். சத்தம் மட்டும் போட்டு நகராத மோட்டாருக்கு ஒரு சொல் செய்தான். அது போதகருக்கும் பொருந்திப்போயிற்று. போதகரே சிரித்தார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு சொல். வாயை மூடும் வீடு என்று அர்த்தம். பிறந்த குழந்தை முதல்முறை சிரிப்பதற்கு ஒரு சொல். எல்லாரும் சாப்பிட்டபின் சட்டியில் வேண்டுமென்றே விடுகிற ஒரு பிடிச் சோற்றுக்கு ஒரு சொல்.

அந்தச் சொற்களை இங்கே எழுதப்போவதில்லை. கேட்காதீர்கள்.

போன வருஷம் பவளப்பாறைக்கு வெளியே படகு கவிழ்ந்தது. உடல்கூடக் கரைக்கு வரவில்லை.

தீவில் ஒருவர் செத்தால் அவர் கொண்டுவந்த சொற்களைக் கட்டிவைப்பார்கள். ஒரு வருஷம் அவை எவர் வாயிலும் வராது. சுற்றி வளைத்துப் பேசிக்கொள்வார்கள். வருஷ முடிவில் விருந்து. செத்தவரின் நெருங்கிய ரத்தம் எழுந்து ஒவ்வொரு சொல்லாக அவிழ்த்துவிடும். அந்த வாய்தான் முதல் வாய். பிறகு யாரும் பேசலாம். சிரிக்கலாம். சாப்பிடலாம்.

வேறு வாய் முந்திக்கொண்டால் அந்தச் சொல் செத்தவரோடு போயிற்று. அதை யாரும் தொடமாட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை விருந்து. முந்நூறு பேர் இலைக்கு முன் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ரோசினா எழுந்தாள். எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

முந்நூறு பேரும் பேசாமல் தின்றார்கள்.

*

"சொல்லு. ஏன் உட்கார்ந்துட்ட?"

"நீங்களே சொல்லுங்கள், ஐயா. நான்கு மாதங்களுக்கு முன் என்ன நடந்தது?"

"புஸ்தகம் வெளியிட்டோம்."

"எங்கே?"

"பள்ளிக்கூட மைதானத்துல. உனக்குத் தெரியாதா? முன்வரிசையில உட்கார்ந்திருந்த."

"யார் வந்திருந்தார்?"

"தலைநகரத்துலேருந்து அதிகாரி." அவர் குரல் உயர்ந்தது. "தேதியை நான் வைக்கலை, ரோசினா. அந்தாளு வச்சான். யோனா போயி எட்டு மாசம்தான் ஆகியிருக்கு, இன்னும் நாலு மாசம் பொறுங்கன்னு ரெண்டு கடுதாசி போட்டேன். கேக்கலை."

"நான் தேதியைக் கேட்கவில்லை."

"அச்சடிச்சதுல என்ன தப்பு? அச்சுக்கு வாய் இருக்கா?"

"இல்லை. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அச்சைப் பார்த்து யாரும் எழுந்து போகவில்லை."

ஹோசியா மூட்டையோடு கடந்து போனான். நின்றான்.

"தங்கள் கப்பல் எப்போது புறப்படுகிறது, ஐயா?"

நாலாம் வகுப்பு. துறைமுகத்தில் ஓர் உரையாடல்.

"நான் எங்கயும் போகலைடா."

"மிக்க நன்றி, ஐயா. தங்கள் பயணம் இனிதாகுக."

அவன் போய்விட்டான். கிடங்குப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. தீவுப்பேச்சுச் சிரிப்பு. பூதலிங்கம் கழுத்தை அந்தப் பக்கம் நீட்டினார். பசித்தவன் பக்கத்து வீட்டுத் தாளிப்பை மோப்பம் பிடிப்பதுபோல. ஒன்றும் தெளிவாக விழவில்லை.

"பிறகு என்ன நடந்தது, ஐயா?" என்றாள் ரோசினா. அவள் கை மோட்டாருக்குள்ளேயே இருந்தது.

நடந்தது அவருக்குத் தெரியும்.

அதிகாரி மேடையில் ஒரு தமாஷ் செய்ய நினைத்தான். புத்தகத்தைக் கடைசியில் திறந்தான். 'யோனாவின் சொற்கள்' என்று பூதலிங்கம் போட்டிருந்த தனிப்பட்டியல். நண்பனுக்குச் செய்த மரியாதை. அதிகாரி முதல் சொல்லை மைக்கில் வாசித்தான்.

கூட்டம் ஒரு நொடி மூச்சை நிறுத்தியது.

அவன் தலைநகரத்தான். நாக்கு வளையவில்லை. சொல்லைக் கடித்துத் துப்பினான். அது யோனாவின் சொல்லாகவே இல்லை. வேறு ஏதோ ஒரு சத்தம்.

கூட்டம் மூச்சை விட்டது. யாரோ கெக்கலித்தார்கள். சொல் பிழைத்தது.

பூதலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

வாத்தியார். தப்பான உச்சரிப்பைக் கேட்டுச் சும்மா இருந்து அவருக்குப் பழக்கமில்லை. எழுந்துபோய் மைக்கை வாங்கினார். திருத்திச் சொன்னார். யோனா சொல்வதுபோலவே. இழுக்கிற இடத்தில் இழுத்து, விடுகிற இடத்தில் விட்டு.

ஒன்றைத் திருத்தியவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. இரண்டாவதையும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. பட்டியலை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

மைதானம் காலி. மழைக்குப் பயந்து போனார்கள் என்று நினைத்துக்கொண்டார். தூறல்கூட இல்லை.

"உச்சரிப்பு மிகச் சரியாக இருந்தது, ஐயா" என்றாள் ரோசினா. "ஒன்றுகூடத் தவறில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் அண்ணன் பேசுவதுபோலவே இருந்தது."

"ரோசினா..."

"நன்றாகக் கற்றுக்கொண்டீர்கள்."

"அந்த வழக்கம் எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிற? எழுதியிருக்கேன். முன்னுரையில, பதினாலாம் பக்கம். இந்தத் தீவுல யாரும் அதை அவ்வளவு தெளிவா எழுதினதில்ல."

"வாசித்தேன். அழகாக எழுதியிருக்கிறீர்கள்."

அவர் பீப்பாயைவிட்டு எழுந்தார்.

"சரி. தப்பு என்னோடது. நீ இப்பச் சொல்லிடு. விருந்து முடிஞ்சா என்ன? இங்கயே, இப்பவே சொல்லு. உன் வாயால வந்தா எடுத்துக்குவாங்க. அந்தக் குழந்தைச் சிரிப்புக்கு இப்ப என்ன சொல்றாங்க தெரியுமா? ஒண்ணும் சொல்றதில்ல. காட்டிட்டுப் பேசாம இருக்காங்க. நான் பாத்தேன்."

அவள் மோட்டாருக்குள்ளிருந்து கையை எடுத்தாள். படகுக்குள் குனிந்து, மத்தியானம் குடித்துப் போட்டிருந்த இளநீர்க் கூட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அருந்துங்கள், ஐயா."

"காலிதானே இது."

"கூடும் ஓட்டையும் அப்படியே இருக்கிறதே. அருந்துங்கள்."

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஓட்டை வழியாக ஒரு எறும்பு வெளியே வந்தது.

அலை துறையின் மரக்கால்களை இடித்துக்கொண்டிருந்தது.

"நான் உங்களுக்கு நல்லதுதான் செய்ய நினைச்சேன்" என்றார்.

"ஆமா."

அவர் நிமிர்ந்தார். அது தீவுப்பேச்சு. நாலு மாதத்தில் முதல் சொல்.

"ஆமா" என்றாள் மறுபடி. "முதல்ல அடிச்ச. அப்புறம் எழுதின. ரெண்டும் எங்க நல்லதுக்குத்தான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நட்டுக்கு அளவு சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்தப் பேச்சைக் கேட்டதே போதும் என்று அவருக்கு ஆயிற்று. பாதி சந்தோஷம், பாதி அடி. இளநீர்க் கூட்டைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் சேர்த்தார். சேர்த்த வேகத்தில் வாயில் வந்தது இங்கிலீஷ்.

"என்னை மன்னித்தருள வேண்டும்."

"அதுல வேண்டாம்" என்றாள் ரோசினா. "தோட்டத்து முதலாளி போகும்போது அதுலதான் கேட்டான். துறையில நின்னு, தொப்பியைக் கழட்டி. பாதிரிமார் கேட்டாங்க. கவர்மெண்டு ரேடியோவுல கேட்டுது. அதுல கேட்டா எங்களுக்கு வலிக்கவும் வலிக்காது, ஆறவும் ஆறாது."

"அப்போ நம்ம பேச்சுலயே கேக்கறேன்."

"கேளு."

அவர் வாயைத் திறந்தார்.

ஆறாயிரம் சொல் எழுதியவர். ஒன்றும் வரவில்லை. இந்தத் தீவில் இருபத்திரண்டு வருஷமாக யாரிடமும் அவர் அதைக் கேட்டதில்லை. கேட்காததால் நாக்குக்குப் பழக்கமில்லை.

"எப்படிக் கேக்கணும்? தெரியலை. சொல்லிக்கொடு."

ரோசினா அவரைப் பார்த்தாள். முதல்நாள் பார்த்ததுபோல ஏற இறங்க அல்ல. முகத்தை மட்டும்.

"கங்காணி எங்ககிட்ட அதைக் கேட்டதில்ல" என்றாள். "அதனால அவன் வசவுல அதுக்குச் சொல் இல்ல. ரொம்ப நாள் அது இல்லாமத்தான் இருந்தோம். சண்டை போட்டா போட்டதுதான்."

"இப்ப?"

அவள் பழந்துணியில் கையைத் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். அவர் தோள்பையிலிருந்து அகராதியை உருவினாள். டீசல் பீப்பாயின்மேல் வைத்துத் திருப்பினாள். எந்தப் பக்கம் என்று அவள் தேடவில்லை.

வாய் திறக்காமல் ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள்.

பூதலிங்கம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் அவரே எழுதிய குறிப்பு:

'மன்னிப்புக் கேட்கும் சொல். யோனா கொண்டுவந்தது. அதற்குமுன் இத்தீவில் இதற்குச் சொல் இல்லை. வேறு சொல்லும் இல்லை.'